பாறையில் இழுபட்ட பெல்ட்: படப்பிடிப்புத் தலப் பயணம் பற்றித் தோல்துறை நோக்கில் ஓர் ஆய்வு

சினிமா எடுத்த இடத்தைத் தேடிப் போகும் மனிதப் பழக்கத்தை உளவியலார் ஆராயலாம், சமூகவியலார் ஆராயலாம். ஆனால் ஆராயும் உரிமை முதலில் தோல் தொழில் ஊரான ஆம்பூருக்கே உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம், ஷூ கம்பெனி லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை. ஒரு வேன் பேசி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் தாண்டினால் ராமநகரம். 1975-ல் வந்த ‘ஷோலே’யின் பாறைகள் அங்கேதான். கப்பர் சிங் அறிமுகமாகும் காட்சியை நினைவுகூர்க: முகம் தெரியுமுன்பே பூட்ஸ் தெரிகிறது, கையிலிருந்து தொங்கும் பெல்ட் பாறையில் இழுபடுகிறது. ஆகவே இந்தியத் திரையின் மாபெரும் வில்லனை முதலில் அறிமுகப்படுத்தியது தோல். மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பாறையில் கப்பராக நடித்த அம்ஜத் கானைக் காண்கிறார்கள். தோல்ஷாப்புக்காரர், அப்படி இழுத்தால் பெல்ட்டின் பாலிஷ் என்னாவது என்று கவலைப்படுகிறார்.

படத்தில் வரும் கிராமம் வெறும் செட்; இன்று இல்லை. மிஞ்சியிருப்பவை பாறைகளும் பாறுக் கழுகுகளும். 2012-ல் சரணாலயம் அறிவித்ததும் கழுகுகளுக்காகத்தான், கப்பருக்காக அல்ல. இருந்தும் கூட்டம் வருகிறது, படத்தின் இந்தி வசனம் பேசி வீடியோ எடுக்கிறது. ஆம்பூரில் பலருக்கு உருது வீட்டுப் பேச்சு என்பதால், இந்த ஒரு சடங்கில் சென்னைக்காரர்கள் அவர்களிடம் நிற்க முடியாது.

கொடைக்கானல் சான்று இன்னும் சிக்கலானது. வெள்ளைக்காரர் ‘பேயின் அடுக்களை’ என்று பெயரிட்ட குகை, 1991-ல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்தபின் குணா குகையாயிற்று. அதைப் பார்க்கப்போன கேரள இளைஞர்களில் ஒருவர் 2006-ல் குழியில் விழுந்து மீட்கப்பட்டார். அது 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆனது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கூட்டம் புறப்பட்டது. சினிமா பார்த்துப் போனவர்களைப் பற்றிய சினிமாவைப் பார்த்துப் போகிறவர்கள்! இவர்களை ‘இரண்டாம்படி யாத்ரீகர்’ என வகைப்படுத்துகிறோம். மூன்றாம்படி உருவாகாதிருக்க வனத்துறையின் வேலியை நம்பியிருக்கிறோம்.

இனி எதிர்ச்சான்று. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. அடக்குவதற்கு ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். இடைவேளை எங்கே விடுவது என்பதுகூடத் தெளிவாக இருக்கிறது. கிளர்ச்சிக்குக் காரணமானவற்றுள் ஒன்று, புதுத் தலைப்பாகையில் குத்தச் சொன்ன தோல் சின்னம்! கப்பரின் பெல்ட் நடிப்பு. இந்தத் தோலுக்காகச் சிந்திய ரத்தம் நிஜம். ஆனாலும் அகழியோரம் உட்கார்ந்திருப்பவர்களில் கில்லெஸ்பி போல நடித்துக்காட்டி வீடியோ எடுப்பவர் ஒருவரும் தென்படவில்லை.

தீர்வாக, ‘இங்கே ஒரு படம் எடுக்கவிருக்கிறார்கள்’ என்று கோட்டை வாசலில் பலகை வைக்கலாம். தேதி வேண்டாம். ராமநகரம் மேற்கே, வேலூர் கிழக்கே இருப்பதால் வேன் திரும்பாது என்பது ஓட்டுநர்கள் எழுப்பும் மறுப்பு. இரு திசைக்கும் பிரியாணி ஆம்பூரிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதால் அம்மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது.