ஓசிக் கப்பல்

ஈப்போ புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே, அரைக் கிலோ. முறுக்கு, கடலை, பட்டாணி எல்லாம் கலந்தது. அதைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"கம்பெனி சீல் போட்ட பாக்கெட்னா பரவால்ல அங்கிள். இது லூஸ்" என்றாள் கையுறை போட்ட பெண். சீல் போட்ட பாக்கெட் தின்னவா நான் ஈப்போவில் பிறந்தேன்?

அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் எடுத்துக் கொடுத்த மூன்று நாள் கப்பல் சுற்றுலா. எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள், திரும்ப அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கலாம். பெட்டியில் நம்பர் ஸ்டிக்கர், கழுத்தில் அட்டை, எண் வாங்க ஒரு வரிசை, எண் வாங்கியவர்களுக்கு இன்னொரு வரிசை. டிக்கெட் விலைக்கு மேல் துறைமுகக் கட்டணம். அதற்கு மேல் நாளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம். அறைப் பையனின் முகத்தையே நான் இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் அவன் சேவையில் மனம் குளிர்ந்து இனாம் கொடுத்துவிட்டேனாம். கப்பலடியிலிருந்து கேட் வரை பஸ்ஸுக்குத் தனிக் காசு. நடந்தே போகிறேனே என்றேன். பாதுகாப்பு விதி, நடக்கக் கூடாது. ஆக, அந்தக் காசு நடக்காமல் இருப்பதற்கு.

என் தாத்தா ஒரு காசு கொடுக்காமல் கப்பலேறியவர். 1927, நாகப்பட்டினம், 'ரஜுலா'. முந்தைய ஆண்டுதான் கிளாஸ்கோவில் கட்டி முடித்த புதுக் கப்பல். டெக்கில் ஆயிரக்கணக்கில் ஆட்கள். "வெள்ளைக்காரன் ஓசியிலே கூட்டியாந்தான்டா" என்று சாகும்வரை அவருக்குப் பெருமை. கும்பினி வேலையாகப் போகும் தபாலுக்குக் கூலி இல்லை, அதில் குத்தும் ஓ.சி. முத்திரையிலிருந்துதான் இந்தச் சொல்லே வந்தது என்பார்கள். அப்படியானால் தாத்தா அசல் ஓசி.

கணக்கு எனக்குப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை வைத்து, வேலைக்கு இருக்கும் ஆட்களைக் கணக்கிட்டுத் தோட்ட முதலாளிகளிடம் பணம் வாங்கினார்கள். கப்பல் கூலி போனது அந்த நிதியிலிருந்து. முதலாளி அதை எங்கிருந்து எடுத்தார் என்பது விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்.

பினாங்கு வந்ததும் நேரே ஊருக்குள் விடவில்லை. ஜெரெஜாக் தீவில் இறக்கி, குளிக்க வைத்து, அம்மை குத்தி, நோய் நொடி தலைகாட்டுகிறதா என்று நாள்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் சுங்கை சிப்புட்டுக்கு ரயிலேற்றினார்கள். தாத்தா அதையும் விருந்து போலத்தான் சொல்வார்: "சும்மா உக்கார வெச்சுச் சோறு போட்டான்." பிற்காலத்தில் அதே தீவில் உல்லாச விடுதி கட்டினார்கள். சும்மா உட்கார அறை வாடகை.

1970இல் அப்பா என்னைப் பினாங்குத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஏழு வயது. எங்கள் லயத்தில் நான்காம் கதவுக் குடும்பத்தை வழியனுப்பப் போனோம். சிவப்பு ஐசிக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள். 1968இல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அது கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் அந்த ஆண்டுகளில் ஊர் திரும்பினார்கள். ஊர் என்று பெரியவர்கள்தான் சொன்னார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு என் வயது, அவனுக்குத் தெரிந்த ஊர் சுங்கை சிப்புட். அவன் அப்பா இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து எல்லோருக்கும் டிக்கெட் வாங்கியிருந்தார். தகரப் பெட்டியில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. கப்பல் அதே ரஜுலா. வரும்போது ஓசி, போகும்போது சொந்தக் காசு.

அப்பா அவனுக்குக் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாங்கவில்லை. அந்தக் கோபத்தில் அவனுக்குக் கையசைக்க மறந்துவிட்டேன். கூம்போடு அவன் ஏணியேறிப் போனான். சீல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

1973இல் ரஜுலா ஓய்ந்தது. அடுத்து வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு நம்மவர்கள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். கப்பல் என்றால் இப்போது பொழுதுபோக்கு, அதற்கும் கூட்டம் தாங்கவில்லை. வெனிஸ் 2024இல் நெரிசல் நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கிரீஸ் 2025 முதல் கோடையில் சாந்தோரினியில் இறங்கும் கப்பல் பயணிக்குத் தலைக்கு 20 யூரோ போட்டிருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. முன்பு தாத்தாவின் தலைக்கு வேறொருவர் கட்டினார், அவ்வளவுதான்.

கச்சாங் பூத்தேயைக் குப்பையில் போடு, இல்லையென்றால் தின்றுவிட்டு வா என்றாள் அந்தப் பெண். குப்பையில் போட என் மனைவி சம்மதிக்கவில்லை. அரைக் கிலோவை மடியில் வைத்துக்கொண்டு, மாடி மாடியாக நிற்கும் கப்பலைப் பார்த்தபடி இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். பாதி தீர்ந்த பிறகுதான் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தேன். இங்கே உண்ணக் கூடாது, மீறினால் அபராதம்.

"எவ்வளவாம்?" என்றாள்.

சொன்னேன்.

"கட்டிட்டாப் போச்சு. இவ்வளவு கட்டியாச்சு" என்று முறுக்குத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டாள்.