கிழங்கு ஒன்று, கேள்வி மூன்று

கே: வகுப்பில் 'ஆய்வு நோக்கு', 'சிந்தனைப் பாணி' என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முடியுமா? (வாசகி, ஆத்தூர்)

ப: ஒரு மரவள்ளிக்கிழங்கு போதும். சேகோ ஆலைக்கு லோடு வந்ததும் மாதிரிக்கிழங்கை எடுத்து, 'எத்தனை பாயிண்ட்?' என்று பார்க்கிறார்கள். அங்கே கிழங்கு என்றால் மாவுச்சத்து. விளைவித்தவருக்கு அது பத்து மாதத் தண்ணீரும் ஆள்கூலியும். பூச்சியியலாருக்கு அந்தச் செடி மாவுப்பூச்சி குடியிருக்கும் வீடு. மூவர் சொல்வதும் உண்மைதான். சேர்ந்து வேலை செய்கிறவர்களின் பழக்கமே எது கண்ணில் படும் என்பதைத் தீர்மானிக்கிறது, அதுவே சிந்தனைப் பாணி என்று மருத்துவர் லுட்விக் ஃபிளெக் 1935-லேயே எழுதிவிட்டார்.

கே: புத்தகம் அடுக்குவதில்கூடவா சிந்தனைப் பாணி? (வாசகர், ராசிபுரம்)

ப: அதில்தான் அப்பட்டமாகத் தெரியும். 1876-இல் அறிவைப் பத்தாக வகுத்த அமெரிக்க நூலகர் டூயி, மதத்துக்கு 200 முதல் 299 வரை ஒதுக்கினார். பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. சைவம், இஸ்லாம், பௌத்தம் எல்லாம் 290-களில் நெருக்கியடித்து நின்றன.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். சில பட்டைகள், சில திருகாணிகள், அவற்றைக் கொண்டு வேண்டியதைக் கட்டலாம். அந்த யோசனையிலிருந்து பிறந்த அவருடைய கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளிவந்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில், மாவுப்பூச்சியை அடக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்த குளவியைப் பறக்கவிட்டார்களே, அதைப் பற்றிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி, மாவுப்பூச்சி, கட்டுப்பாடு, சேலம், 2022 என்று துண்டு துண்டாகப் பிரித்து அவருடைய முறை ஒரே எண்ணில் கோத்துவிடும். காவிரிக்கரைக்காரர் தந்த இந்த வழி உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு அதில் அளவில்லாத பெருமை.

கே: விவசாயிகளின் தகவல் தேடலைப் பற்றி முந்நூறு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தால் ஆய்வு முடிந்ததா? (மாணவர், நாமக்கல்)

ப: கொடுங்கள். நூலகத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரியும். பூச்சி விழுந்த அன்று விவசாயி யாரிடம் போனார் என்பதற்குத் தாளில் கட்டம் இல்லையென்றால் அது தெரியாமலே போய்விடும். ஒரு நாள் பூச்சிமருந்துக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். சுருண்ட கொழுந்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, "இதுக்கு என்னங்க அடிக்கறது?" என்பார்கள். நீங்கள் 'தகவல் தேடல்' என்று அச்சடித்திருப்பது அதைத்தான். அவரோ, தேடினேன் என்று சொல்லமாட்டார், கேட்டேன் என்பார். அந்த வினைச்சொல்லைக் குறித்துக்கொண்டு வந்து கேள்வித்தாளைத் திருத்துங்கள்.