மாமா போட்ட கணக்கு

வைல் ஆம் ரைன், ஜெர்மனி
19 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்க, அத்தை, உங்க குட்டி யானை வண்டி மூணு பேரும் நலமா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, இந்த ஊர்ல கடைகண்ணி எதுவும் திறக்காது. நாளைக்குத் தீபாவளி, எனக்கு வேலை நாள். அதான் உக்காந்து கடிதம் எழுதறேன். வாட்ஸ்அப்ல பேசி அனுப்பலாம்தான். நீங்க அதைக் குடும்ப குரூப்ல தள்ளிவிடுவீங்க, அங்கிருந்து டீக்கடைக்குப் போயிடும். தாளை ஃபார்வர்டு பண்ண முடியாது பாருங்க.

விஷயத்துக்கு வர்றேன். என் சம்பளம் 4,300 யூரோன்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். நீங்க அதை நூறால பெருக்கி, நாலு லட்சத்து முப்பதாயிரம்னு கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோயிட்டீங்க. போன வாரம் மட்டும் மூணு போன். ஒருத்தர் போர் போட ரெண்டு லட்சம் கைமாத்து கேட்டார். கோயில் கமிட்டிக்காரர், "உன் பேரை நோட்டீஸ்ல அடிக்கக் கொடுத்தாச்சுப்பா"ன்னார். மூணாவது ஆள் தளி ரோட்டுல மனை இருக்கு சார்னான். சார்! அஞ்சாங்கிளாஸ்ல என் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓடினவன் மாமா அவன்.

பெருக்கல்ல உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கழித்தலைத்தான் மறந்துட்டீங்க.

சம்பளச் சீட்டு எதிர்ல இருக்கு, பாத்து எழுதறேன். வருமான வரி 611. ஓய்வூதியத்துக்கு 400. மருத்துவக் காப்பீடு 368. வேலை போயிட்டா சோறு போடறதுக்கு 56. வயசாகிப் படுத்துக்கிட்டா பாத்துக்க ஆள் வைக்கறதுக்கு 103. மிச்சம் கைக்கு வர்றது 2,762. முதல் மாசம் இதைப் பாத்துட்டு, யாரோ என் சீட்டை மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு ஆபீஸ்ல போய் நின்னேன். அந்தம்மா பேரைச் சரிபாத்துட்டு, சிரிக்காம திருப்பிக் கொடுத்தாங்க.

அந்த 103ல ஒரு வேடிக்கை இருக்கு. 23 வயசு தாண்டியும் பிள்ளை இல்லாதவன், சம்பளத்துல 0.6 சதவீதம் கூடுதலா கட்டணும். எனக்கு மாசம் 26 யூரோ ஆகுது. அம்மா ஆறு வருஷமா இலவசமா திட்டிக்கிட்டிருந்த விஷயத்துக்கு இவங்க பில் போடறாங்க. வரியிலயும் ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் வகுப்பு பிரிச்சிருக்காங்க. கல்யாணம் ஆகாத நான் ஒண்ணாம் வகுப்பு. கல்யாணமாகி, பொண்டாட்டி இங்க வந்து வேலைக்குப் போகாம இருந்தா நான் மூணாம் வகுப்பு. இதே சம்பளத்துக்கு வரி 611லேர்ந்து 274க்கு இறங்கிடும். பள்ளிக்கூடத்துல ஒண்ணுலேர்ந்து மூணுக்குப் போக ரெண்டு வருஷம் ஆச்சு, இங்க ஒரு தாலி போதும். இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க. மாசம் 337 யூரோ மிச்சம்னு தெரிஞ்சா நாளைக்கே பொண்ணு பாக்கக் கிளம்பிடுவாங்க.

சாமிக்கும் வரி உண்டு. குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சியில போய்ப் பதியணும், அந்தப் படிவத்துல மதம் என்னன்னு ஒரு கட்டம். என்கூட வேலை செய்யற தூத்துக்குடிப் பையன் பெருமையா ரோமன் கத்தோலிக்கம்னு எழுதினான். இந்த மாநிலத்துல வருமான வரியில 8 சதவீதம் சர்ச் வரி. வரி ஆபீசே பிடிச்சு சர்ச்சுக்குக் கொடுத்துடும். அவனுக்கு மாசம் 49 யூரோ போகுது. வேணாம்னா அரசு ஆபீஸ்ல போய் சர்ச்சை விட்டு விலகறேன்னு எழுதிக் கொடுக்கணும், அதுக்கும் ஒரு கட்டணம். அவன் அம்மா காதுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சு யோசிச்சு இன்னும் கட்டிக்கிட்டிருக்கான். தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி இவங்க பட்டியல்ல இல்லாததால நான் தப்பிச்சேன்.

டிவியே இல்லாத என் வீட்டுக்கும் ரேடியோ, டிவி கட்டணம் மாசம் 18.36 யூரோ. வீடு இருக்கா, கட்டு, அவ்வளவுதான். தாத்தா தபால் ஆபீஸ்ல ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டின கதையைச் சொல்லும்போது சிரிச்சேனே, அதுக்கு இப்ப அனுபவிக்கிறேன். இன்னொண்ணு கேளுங்க. நுரை பொங்கற ஒயினுக்கு 1902ல ஒரு வரி போட்டாங்க, ராஜாவோட கடற்படைக்குக் காசு வேணும்னு. ராஜா போயிட்டார். அந்தக் கப்பல்களை 1919ல அவங்க மாலுமிகளே கடல்ல மூழ்கடிச்சாங்க. நடுவுல சில வருஷம் அந்த வரி தூங்கி எழுந்து, இன்னைக்கும் இருக்கு.

வாடகையில ரெண்டு ரகம். குளிர் வாடகைன்னா வெறும் வீடு. வெப்பம், தண்ணி, குப்பைச் செலவெல்லாம் சேத்தா சூடான வாடகை. எனக்கு 680 குளிர், 860 சூடு. அட்வான்ஸ் மட்டும் நியாயம், மூணு மாசக் குளிர் வாடகைக்கு மேல கேக்கக்கூடாதுன்னு சட்டம். பெங்களூர்ல அண்ணன் பத்து மாசம் கொடுத்துட்டு ஒரு வருஷம் கடன் அடைச்சானே! ஆனா சாவியை வாங்கிக் கதவைத் திறந்தா சமையலறையில சிங்க் இல்லை, அடுப்பு இல்லை, மேடை இல்லை. சுவத்துல ரெண்டு குழாய் முனை, கூரையில தொங்கற ஒயர். முன்னாடி குடியிருந்தவங்க சமையலறையைக் கழட்டிட்டுப் போயிட்டாங்களாம். இங்க பல வீட்டுல அதுதான் வழக்கம். மூணு வாரம் கட்டிலுக்குப் பக்கத்துல கரன்ட் குக்கர் வெச்சு ரசம் சாதம். முடிவெட்ட 28 யூரோ கேட்டாங்க, மெஷின் வாங்கி நானே வெட்டிக்கறேன். வீடியோ கால்ல தொப்பி போட்டிருக்கேனே, குளிர்னு நினைச்சிருப்பீங்க.

இவ்வளவு சொல்லியும் இந்த ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு. ஏன்னா இது நம்ம ஊர் மாதிரி மாமா. நமக்குக் கர்நாடகா ஒரு பக்கம், ஆந்திரா ஒரு பக்கம். இங்க ஸ்விட்சர்லாந்து ஒரு பக்கம், பிரான்ஸ் ஒரு பக்கம். நீங்க ராயக்கோட்டை தக்காளியைப் பெங்களூர்ல இறக்கிட்டு, திரும்பும்போது அத்திப்பள்ளியில டீசல் டேங்கை ரொப்பிக்கிட்டுத்தானே எல்லை தாண்டுவீங்க? அதையே இங்க கோட்டு போட்டுக்கிட்டுச் செய்யறாங்க. சனிக்கிழமை ஆனா போதும், பாசல்லேர்ந்து 8ஆம் நம்பர் டிராம்ல ஸ்விஸ்காரங்க உருளுற பையோட வந்து இறங்குவாங்க. அவங்க ஊர்ல கறி விலையைக் கேட்டா மயக்கம் வரும். இங்க 50 யூரோவுக்கு மேல வாங்கினா கடையில ஒரு பச்சைச் சீட்டு தருவாங்க. சுங்கத்துல அதுல முத்திரை வாங்கி, அடுத்த முறை கடையில நீட்டினா விற்பனை வரி திரும்பி வரும். அந்த முத்திரை வரிசையைப் பாக்கணுமே, 2017க்கு முன்னாடி ஜூஜூவாடி செக்போஸ்ட்ல லாரி நிக்குமே, அந்த நீளம். நாள் ஒண்ணுக்கு ஆளுக்கு 300 பிராங்க் சரக்கு வரி இல்லாம கொண்டுபோகலாம்னு இருந்ததை இந்த ஜனவரியிலேர்ந்து 150 ஆக்கிட்டாங்க. இப்ப கைக்குழந்தையையும் கூட்டிட்டு வர்றாங்க.

எல்லாரும் அங்கிருந்து இங்க வர, நான் ஒருத்தன் இங்கிருந்து அங்க போறேன், ராகி மாவுக்காக. பாசல்ல ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடை இருக்கு. முதல் தடவை ராகி இருக்கான்னேன், முழிச்சார். கேழ்வரகுன்னேன், யோசிச்சார். களி கிண்டற மாதிரி கையைச் சுத்திக் காட்டினேன். "ஓ, குரக்கன் மா! முதலே சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னு உள்ளேயிருந்து எடுத்துட்டு வந்தார். கிலோ அஞ்சு பிராங்க், நம்ம காசுக்கு ஐநூறுக்கு மேல. அரசாங்கம் ராகிக்கு அறிவிச்ச ஆதார விலையே குவிண்டால் 4,886 ரூபாதான். அப்பா ஒரு மூட்டை முதுகுல தூக்கிட்டு வந்து இங்க இறக்கினா என் ஒரு மாச வாடகையைத் தாண்டாட்டியும் பாதிக்குப் பக்கமா வந்துடும்.

அப்பான்னதும்தான் ஞாபகம் வருது, முக்கியமான விஷயம். ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பினா வரிக்கணக்குல ஓரளவு கழிச்சுக்கலாமாம். இந்தியாவுக்குன்னா ஒருத்தருக்கு வருஷம் 3,024 யூரோ வரைக்கும். பேங்க் வழியா அனுப்பியிருக்கணும், அப்பாவுக்கு வருமானம் பெருசா இல்லைன்னு ஒரு படிவம் நிரப்பி, சொந்த ஊர் அதிகாரிகிட்ட முத்திரை வாங்கணும். உங்களை வி.ஏ.ஓ. ஆபீசுக்கு அனுப்பறதா முடிவே பண்ணிட்டேன். அப்பாவுக்குப் போன் போட்டேன். "நான் கதியில்லாதவன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமா? ரெண்டு ஏக்கர் ராகிக் கொல்லை வெச்சிருக்கேண்டா"ன்னு வெச்சுட்டார். அப்பதான் படிவத்தோட கடைசிப் பக்கம் பாத்தேன். குடியிருக்கற வீடு போக, 15,500 யூரோவுக்கு மேல சொத்து இருந்தா அவங்களுக்கு உதவி தேவையில்லைன்னு அர்த்தமாம். டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த நாள்லேர்ந்து அந்தக் கொல்லை ஏக்கர் ஒரு கோடின்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டிருக்கறது யாரு மாமா? நீங்கதானே. உங்க கணக்குப்படி ஜெர்மனியில என்னைவிட அப்பாதான் பணக்காரர். படிவத்தை மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.

கோயில் நோட்டீஸ்ல என் பேருக்கு எதிர்ல எவ்வளவு போட்டிருக்காங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஆயிரத்து ஒண்ணுன்னா சரி. பத்தாயிரத்து ஒண்ணுன்னா, அச்சடிக்கறதுக்குள்ள ஒரு சைபரை அழிக்க முடியுமான்னு பிரஸ்ல கேளுங்க.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகன்