கழுதை ஏறியவர் நிற்கக்கூடாது

சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகன், உத்திரமேரூரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒன்றும் இருக்காது என்கிற நம்பிக்கை அவன் குரலிலேயே தெரிந்தது.

"ஒரு ஏரி இருக்கு. நாலஞ்சு கோயில் இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின ஊழல் தடுப்புச் சட்டம் ஒண்ணு இருக்கு."

"சட்டத்தை எப்படி மாமா சுத்திப் பார்க்கறது?"

"செவுத்துல எழுதியிருக்காங்கடா. வா."

போகிற வழியில் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு போனேன். பல்லவர் காலத்தில் உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். பிறகு இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம். அப்புறம் கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகையும் மாறும் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. இத்தனை ராஜாக்கள் வந்து ஒட்டிவிட்டுப் போன பெயர்களையெல்லாம் உதிர்த்துவிட்டு, சனங்கள் பழைய பெயரையே கொஞ்சம் தேய்த்து உத்திரமேரூர் ஆக்கிக்கொண்டார்கள். சதுர்வேதிமங்கலம் பஸ் போர்டில் அடங்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கோயில் என்று பெயரே தவிர, ஆதியில் இது சபை கூடிய மண்டபம். பெருமாள் பின்னால் குடிவந்தவர். மண்டபத்தைச் சுற்றி கல்லில் எழுத்தோ எழுத்து. அதில் இரண்டு சாசனங்களுக்காகத்தான் உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் வந்து குனிந்து நிற்கிறார்கள். மதுரை கொண்ட கோப்பரகேசரி, அதாவது முதலாம் பராந்தக சோழன், அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. 14ஆம் ஆண்டில் இன்னொன்று. கி.பி. 919, கி.பி. 921. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்கிற குடவோலை விதிகள்.

பாடப்புத்தகம் இதை ஒரே மூச்சில் "சோழர் கால மக்களாட்சி" என்று சொல்லி அஞ்சு மார்க் கொடுத்துவிடும். நான் கேட்பது வேறு. விதி 919இல் போட்டாயிற்று. அதையே 921இல் ஏன் திரும்பப் போட வேண்டும்? கல்லில் வெட்டிய எழுத்து இரண்டே வருஷத்திலா அழிந்துவிட்டது?

தெருவில் ஒரு சுவரில் "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருந்தால் நாம் என்ன புரிந்துகொள்கிறோம்? அந்த வீட்டுக்காரர் சுகாதாரத்தில் அக்கறை உள்ளவர் என்றா? இல்லை, அங்கே ஏற்கெனவே பலபேர் வந்துபோயிருக்கிறார்கள் என்றுதான். உத்திரமேரூர்ச் சாசனத்தை நான் அந்த முறையில்தான் படிப்பது.

வயது விதியைப் பாருங்கள். 919இல் 30க்கு மேல், 60க்குள். 921இல் அது 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று நகர்ந்துவிட்டது. இளைஞர்கள் ஏதோ சரிவரச் செய்யவில்லை என்று கீழ்வரம்பை ஏற்றியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். மேல்வரம்பு எதற்கு ஏறியது? சபையில் செல்வாக்குள்ள யாரோ ஒரு பெரியவருக்கு அந்த இடைவெளியில் 60 முடிந்திருக்கிறது என்பது என் துணிபு. ஆதாரம் கிடையாது. நம்ம ஊர் அனுபவம்தான் ஆதாரம்.

அடுத்தது கணக்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. சரி. ஆனால் 921ஆம் ஆண்டு சாசனம் அதோடு நிற்கவில்லை. அவனுடைய சிற்றவ்வை, பேரவ்வை மக்கள் கூடாது. அத்தை மாமன் மக்கள் கூடாது. தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மச்சினன், தங்கை புருஷன், அவள் மக்கள், மருமகன், அப்பா, மகன், ஒருத்தரும் கூடாது.

அக்கா மகன் விரல்விட்டு எண்ணினான். "மாமா, இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

அதேதான். ஒருவன் கணக்குக் காட்டாமல் சிக்கியிருக்கிறான். அடுத்த வருஷம் மகன் பெயரில் வந்திருக்கிறான். மகனுக்குத் தடை போட்டால் மச்சினன், மச்சினனைத் தடுத்தால் சித்தி பிள்ளை. கடைசியில் சபையார் பொறுமை இழந்து, அந்த ஆள் வீட்டு விசேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரையும் கல்லில் ஏற்றிவிட்டார்கள். பினாமி என்கிற சொல் வருவதற்கு முன்பே பினாமிகளின் முழுப் பட்டியல் நம்மிடம் தயார்.

தகுதியிழந்தவர் வரிசை இன்னும் நீளும். பிறர் பொருளைத் திருடியவர், பொய்க்கையெழுத்துப் போட்டவர், பிறகு கழுதை ஏறினவர். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, கழுதை மேல் உட்காருவது ஏன் இத்தனை பெரிய பாவம் என்று வண்ணார் வீட்டுப் பிள்ளைகளுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். கழுதை ஏறுவது சவாரி இல்லை, தண்டனை. குற்றவாளியைக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்ற விடுவார்கள். அப்படி ஊர்வலம் வந்தவர், அடுத்த மாசமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாரியத்துக்குத் தயாராக நின்றிருக்கிறார் போல. இல்லாவிட்டால் விதி எதற்கு?

குடத்துக்கு வருவோம். ஊர் 30 குடும்பு. இன்று வார்டு என்கிறோமே, அது. குடும்பு குடும்பாகப் பெயரெழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். பாலரும் விருத்தரும் அடக்கமாக மகாசபை கூடியிருக்கிறது. அன்றைக்கு ஊரில் இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, அண்ணாந்து பார்த்தபடி, எல்லோர் கண்ணிலும் படும்படி குடத்தை உயரத் தூக்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து ஓர் ஓலை. அதை மத்தியஸ்தன் வாங்குகிறான். எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கையில். அவன் வாசித்த பிறகு, உட்கார்ந்திருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும்.

இதில் நம்பிக்கை என்பது எள்ளளவாவது இருக்கிறதா? குடத்தைத் தூக்குகிற பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிடுவார், அதனால் அண்ணாந்து நிற்கட்டும். மத்தியஸ்தன் விரலிடுக்கில் வேறு ஓலை வைத்திருப்பான், அதனால் விரிக்கட்டும். எழுதியிருப்பது ஒன்று, படிப்பது ஒன்றாக இருக்கும், அதனால் எல்லோரும் படிக்கட்டும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு கைவரிசைக்காரர் நிற்கிறார். அவர்கள் பெயர் ஒன்றுகூடக் கல்லில் இல்லை. ஆனால் சாசனத்தை எழுதவைத்த புண்ணியவான்கள் அவர்கள்தான். இரண்டு தடவையும் அரசன் அனுப்பிய ஆள் கூடவே உட்கார்ந்திருந்தார்: 919இல் தத்தனூர் மூவேந்தவேளான், 921இல் சோமாசிபெருமான். தேர்தல் பார்வையாளரும் அப்போதே உண்டு.

நம்மைப் போல் சந்தேகப் பிராணிகள் வெனிஸிலும் இருந்தார்கள். 1268 தொடங்கி அங்கே தலைவரைத் தேர்ந்தெடுக்க, தெருவில் எதிர்ப்பட்ட ஒரு பையனைப் பிடித்துவந்து பானையிலிருந்து உருண்டை எடுக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் கையை நம்ப முடியாது என்கிற ஞானம் அவர்களுக்கு நம்மைவிட ஏறக்குறைய முந்நூற்று ஐம்பது வருஷம் தாமதமாக வந்தது.

உத்திரமேரூரில் குடும்புக்கு ஒருவராகத் தேறிய 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. அப்புறம் மூன்று வருஷம் அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது. பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனிக் குலுக்கல்.

"சூப்பர் மாமா. அப்ப நான் நிக்கலாமா?"

"கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் இருக்கா? சொந்த மனையில வீடு? வேதம் தெரியுமா?"

அவன் ஹவுசிங் லோனில் இருக்கிறான். அன்றைய உத்திரமேரூர் பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர்; சபை பிராமண நிலக்காரர்களுடையது. அவர்கள் வீட்டுப் பெண்கள் பெயரே ஓலையில் ஏறாது. ஏரியில் மண் சுமந்தவனும் வயலில் நாற்று நட்டவளும் குடம் இருந்த திசைக்கே வந்திருக்க முடியாது. மக்களாட்சி என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்த வரியில் மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

மிச்ச இடங்களை வெயில் ஏறுவதற்குள் முடித்தோம். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்கு: கீழே நின்றவர், நடுவில் அமர்ந்தவர், மேலே படுத்தவர். மாடி ஏறி மூச்சு வாங்கினவனுக்குக் கடைசியில் படுத்திருப்பவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர் வாங்கிய பெரிய ஏரியைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

குழம்பேஸ்வரர் கோயில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். அதே மாதம் இந்தக் கோயில் திருப்பணியில் படிக்கல்லைப் பெயர்த்தபோது, கீழே அரைக் கிலோவுக்கு மேல் தங்கம். அதிகாரிகள் வந்து ஒப்படையுங்கள் என்றார்கள்; ஊரார் முடியாது என்றார்கள், சாமி பொன் சாமி காலடிக்கே போகட்டும் என்று. பேச்சுவார்த்தை, போலீஸ், கடைசியில் தங்கம் கருவூலம் போய்ச் சேர்ந்தது. பொன் வாரியம் இருந்த ஊர். அந்த நேரத்தில் வாரியம் மட்டும்தான் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்த ஓலை எடுத்த பையன் யாரு?"

தெரியாது. 921இல் அவனுக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். குடத்தில் கைவிட்ட நாளிலிருந்து தானும் ஒருநாள் வாரியத்தில் உட்காருவது என்று கனவு கண்டிருப்பான். கால் வேலி நிலம் சேர்த்து, வீடு கட்டி, கணக்குக் காட்டாத மாமன் யாரும் வாய்க்காமல் பார்த்துக்கொண்டு, 35 தாண்டி 36ஐத் தொடும்போது வருஷம் 949. அந்த வருஷம்தான் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். ராஷ்டிரகூடப் படை இந்தப் பக்கம் இறங்கியது. கொஞ்ச காலத்தில் உத்திரமேரூர்ச் சாசனங்களின் தலைப்பில் சோழனை எடுத்துவிட்டு ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரைப் போட்டுக்கொண்டு, சபையார் வழக்கம்போல் கூடி அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

"பாவம் மாமா."

"பாவம் என்ன, அவன் பேரும் ஏறியிருக்கும். ராஜா யாருங்கறதுக்கா குடம் வச்சாங்க? டீக்குக் காசு குடுத்துட்டு வா. கணக்கு சொல்லணும்."