காலாவதி தேதி என்ன?

மலிவு விலை டேப்லெட் வாங்கலாமா, இல்லை கூடவே தலைவலி டேப்லெட்டும் வாங்க வேண்டியிருக்குமா?

இரண்டுக்கும் காலாவதி தேதி உண்டு. ஒன்றில்தான் அட்டையில் அச்சடித்திருப்பார்கள்.

2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்கென அறிமுகப்படுத்திய 'ஆகாஷ்' டேப்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் ஆகாயம், உள்ளே இருந்ததோ 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 256 எம்.பி. ராமும். திரையும் தொட்டவுடன் உணர்கிற ரகமல்ல, அழுத்தினால்தான் அசையும் ரகம். (தொட்டாற்சிணுங்கி அல்ல, குத்தினாற்சிணுங்கி!) 'ஏழைப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்தானே?' என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அடுத்த ஆண்டு நவம்பரிலேயே ஆகாஷ்-2 வந்தது: 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்.பி., தொட்டாலே உணரும் திரை. முதலாவது போதுமென்றால் ஓராண்டு சொச்சத்தில் இத்தனை மாற்றம் எதற்கு? விலையைக் குறைத்தது குற்றமில்லை, எதில் குறைத்தார்கள் என்று பாருங்கள். கேமரா சுமார், ஸ்பீக்கர் மெலிசு என்றால் பாடம் படிக்க ஒரு தடையும் இல்லை, தாராளமாக வாங்கலாம். ராமிலும் திரையிலும் கை வைத்திருந்தால், ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் மிச்சம் பிடித்த காசைப் பொறுமையாகத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?' அவர் 'கவர் ஃப்ரீ சார்' என்றால், காலாவதி தேதி தெரிந்துவிட்டது.