அரைஞாணுக்கு ஒரு ஃபாரம்

அம்மாவுக்கு,

"பிள்ளைக்கு அரைஞாண் கட்டுனியா, வசம்பு போட்டியா?"ன்னு கேட்டிருந்தியே. கட்டியாச்சு. அதுக்குப் பெறகு நடந்த கூத்தைக் கேளு.

இந்தத் தென்னாப்பிரிக்கா உம்தாதா ஊர்ல பிள்ளையை கிரெஷ்ல விடப் போனா, கழுத்து, கை, இடுப்பு எங்கயும் கயிறு கூடாதாம். கட்டியே ஆகணும்னா ஃபாரம் எழுதணும். பொருளின் பயன்? கண்ணு படாம இருக்க. பரிந்துரைத்த மருத்துவர்? எங்கம்மா. அறுந்துபோனா மாற்று ஏற்பாடு? வேற கயிறு. வசம்பு வளையலுக்கு டோஸ் எவ்வளவுன்னு கேட்டுத் திருப்பி அனுப்புனாங்க. உன் மருமகன் இன்ஜினீயராச்சே, ஸ்கேல் வச்சு அளவெல்லாம் போட்டு படம் வரைஞ்சு குடுத்துட்டாரு. அந்தப் படத்துக்கும் ஒரு சீல் வேணுமாம்!

பக்கத்து வீட்டம்மா கோசா இனத்து ஆளு. விஷயத்தைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க பேரன் கழுத்துல மாட்டு வால் முடியில முறுக்குன கயிறு கெடக்கு, கூடவே வெள்ளைப் பாசி. தொப்புள்கொடி விழுற வரைக்கும் பெத்தவ வெளிய தலை காட்டக்கூடாதாம். பச்சைப்பிள்ளையை சிஃபூடுன்னு ஒரு தழையோட புகையில காட்டி எடுப்பாங்களாம். நெடி தாங்காம அது வீல்னு கத்துமாம். உன் சாம்பிராணி எவ்வளவோ தேவலை.

பேரனுக்கு இம்பெலேகோன்னு கெடா வெட்டு. ஆட்டை வெட்டி, முன்னோருக்குப் பிள்ளையைக் காட்டுற சடங்கு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. நம்மால சும்மா இருக்க முடியுமா? நான் போட்ட குலவையில ஆட்டமே ஒரு நிமிஷம் நின்னுபோச்சு. நிலக்கோட்டைக்காரின்னா சும்மாவா!

அங்கதான் அந்தம்மா, "உன் மகன் கொடியை எங்க புதைச்ச?"ன்னு கேட்டாங்க. கொடியை அடைச்சு வச்ச தாயத்தைத் தூக்கிக் காட்டுனேன். "மண்ணுல போடாம கட்டிக்கிட்டுத் திரிஞ்சா பிள்ளைக்கு எது ஊரு?"ன்னாங்க. எனக்கு வாயே வரலை. நீ பக்கத்துல இருந்திருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்ப. பெத்த உடம்புக்கு லேகியம் கிண்டித் தர ஆளில்லாம பாக்கெட் சூப்பைக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தேனே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறலை. தலைக்கு வைக்க ஒரு கிள்ளு மல்லி கிடையாது. குலதெய்வத்துக்கு முடி எறக்கிக் காது குத்தணும்னா, "லீவு பாப்போம்"ங்கிறாரு உன் மருமகன்.

அப்பாவை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சொல்லு. மாட்டை யாரு பாப்பான்னு சாக்கு சொல்லவேணாம், சித்தப்பா பாத்துக்குவாரு. வரும்போது கருகமணி ரெண்டு செட்டா வாங்கிட்டு வா, ஒண்ணு பக்கத்து வீட்டுப் பேரனுக்கு. வசம்பை மட்டும் தொடாத. கஸ்டம்ஸ்ல அதுக்கு வேற ஃபாரம் வச்சிருப்பான்.

உன் மக