மலையடிவார விளக்கு: மூலமும் பாடபேதமும்

ஆய்வுக் களம் திருவண்ணாமலை. கிரிவலத்துக்குப் பையைத் தூக்கியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் சீனிவாசப் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. பெயர் ஒன்று, மலை வேறு. இதை மறவாதிருக்க, பின்னால் வரும்.

ஆய்வுப் பொருள்: புரட்டாசிச் சனிக்கிழமைக்காக என் மச்சான் அடிவாரத்தில் போட்ட துளசிமாலைக் கடையில் எரிய மறுத்த எல்இடி விளக்கு.

மூலம் மிகச் சிறியது. குறளுக்கு இரண்டு அடி, இதற்கு இரண்டு உறுப்பு: எல்எம்317 என்னும் மூன்றுகால் ஐசி, 3.9 ஓம் ரெசிஸ்டர். ஐசி தன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும். அதை 3.9ஆல் வகுத்தால் சுமார் 320 மில்லி ஆம்பியர். பேட்டரி கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்கு அளக்கிற படி அவ்வளவுதான்.

இரண்டடிக்கு உரை பெருகுவது நம் மரபு. பக்கத்துப் பொரிகடலைக் கடை அண்ணாச்சி முதல் உரைகாரர். "பேட்டரி செத்துப்போச்சுப்பா." மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. உரை தள்ளப்பட்டது, அண்ணாச்சி தள்ளப்படவில்லை.

"ரெசிஸ்டர் கருகியிருக்கும் மாப்ளே" என்றான் மச்சான். அதில் எரிகிற சக்தி 0.4 வாட். கால் வாட் ரெசிஸ்டராக இருந்தால் அவன் சொன்னது நடந்திருக்கும்; போட்டிருந்ததோ ஒரு வாட்.

மூன்றாம் உரை என்னுடையது: இடைச்செருகல். மூலத்தில் இருந்தவை இரண்டு எல்இடிகள். வெளிச்ச ஆசையில் மச்சான் மூன்றாவதைச் செருகியிருந்தான். ஒன்றுக்கு 3.2 வீதம் 9.6, ரெசிஸ்டருக்கு 1.25, ஐசி தனக்கென்று பிடித்துக்கொள்வது சுமார் 2. ஆகச் செலவு 12.85, வரவு 12.6. வீட்டுக் கணக்கில் இது சகஜம். ஐசியோ கடன் வாங்காது, மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். செருகலைக் களைந்தேன். விளக்கு அப்போதும் எரியவில்லை. மங்கலாகக்கூட எரியாததற்கு என் உரையில் விளக்கம் இல்லை என்பதை அடியேன் கவனித்திருக்க வேண்டும்.

பிறகுதான் ஐசியின் கால்களைப் படித்தேன். 7805 என்று இன்னொரு மூன்றுகாலி உண்டு. அதே கறுப்பு உடம்பு, அதே உலோக முதுகு. எழுத்து நம்மைப் பார்க்கப் பிடித்தால், அதற்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 317க்கோ அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். மச்சான் 7805 படித்துப் பழகியவன். 317க்கும் அதே பாடத்தை ஓதிவிட்டான். கிரிவலத்துக்குக் கிளம்பி இங்கே வந்து இறங்கினவர் கதைதான்.

தலைகீழாக என்ன பாடுபட்டதோ என்று பழைய ஐசியை ஒதுக்கி, புதிதாக ஒன்றைச் சரியான காலில் நிறுத்தினேன். தகரத் தூணில் அதன் முதுகைச் சாய்த்து மச்சான் சூடாற்றப் பார்த்தான். முதுகே அவுட்புட் என்பதால் நடுவில் மைக்கா துண்டு வைத்தோம். விளக்கு எரிந்தது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினீங்கள்ல, அதான்."